கடலையும் பயறும் நம் உடலும்

(சங்கத்தின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய பேச்சின் பொருள் கடலை என்று செயலாளர் அவர்கள் அறிவித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பொலி எழுந்தது. அச்சிரிப்பின் காரணம் எனக்கும் தெரியும். அண்மைக்காலம் வரை நானும் அவ்வரிசையில் இருந்தவனே. ஆயினும் நான் பேச வந்தது பல்லால் மெல்லுங் கடலையைப் பற்றியே என்பதை முதற்கண் தெரிவித்துக் கொள்கிறேன். இன்னுமொன்று. நான் மருத்துவ மாணவனல்லன். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயில்பவன். ஆகையால் செடியைப் பற்றிச் சொல்லும்போது சற்றுத் துணிவாகவும், நோயைப் பற்றிச் சொல்லும்போது சற்று அடக்கமாகவும் சொல்வேன். சபையில் வைத்தியர்கள் இருப்பின், பிழை கண்டவிடத்துத் திருத்துவார்களாக.

நாங்கள் சிறுவராயிருந்த காலத்தில், வெள்ளிதோறும் பஜனை முடிந்ததும் அவித்துத் தாளித்த கடலையை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுப்பார்கள். பஜனைக்கு வந்தீர்களா, கடலைக்கு வந்தீர்களா என்று அந்நாளில் யாரும் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டிருப்போம். இப்பொழுது சில வருடங்களாக அக்கடலையின் இடத்தைப் பிஸ்கற் பைக்கற்றும் இனிப்புச் சோடாவும் பிடித்துக்கொண்டன. ஊறப்போட ஆளில்லை, அவிக்க நேரமில்லை, பைக்கற் என்றால் எண்ணிக் கொடுத்துவிடலாம் என்பவை அதற்குக் கூறப்படும் நியாயங்கள். நான் ஒருவரையுங் குறை கூறவில்லை. அப்பெட்டிகளைக் கடையிலிருந்து சைக்கிளிற் கட்டிக் கொண்டுவந்தவர்களுள் நானும் ஒருவன்.

இம்மாற்றத்தை நான் பொருட்படுத்தாமலே இருந்திருப்பேன். ஆனால் சென்ற வருடம் என் தங்கை பாடசாலைக் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். அவளுக்கு வயது பதினைந்து. வெயிலென்று சிலர் சொன்னார்கள், கண்ணூறு என்று சிலர் சொன்னார்கள். இரத்தத்தைச் சோதித்ததில் ஈமோகுளோபின் இருக்கவேண்டிய அளவிலும் நன்றாகக் குறைந்திருந்தது. "என்ன சாப்பிடுகிறாய், பிள்ளை?" என்று டொக்டர் கேட்டார். காலையில் பாணும் தேநீரும், மத்தியானம் சோறும் ஒரு கறியும் தண்ணீர் போன்ற பருப்பும், பின்னேரம் பிஸ்கற்றும் மறுபடி தேநீரும் என்றாள். அவள் மச்சம் உண்பதில்லை. டொக்டர் இரும்புச்சத்துக் குளிசையை எழுதிவிட்டு, அம்மாவைப் பார்த்து, "வீட்டிலே கடலை, பயறு ஒன்றும் அவிப்பதில்லையா?" என்றார். அம்மா சொன்ன விடைதான் என்னை இன்று இம்மேடையில் ஏற்றியது. "அது கோயிலிலே தருவதுதானே, டொக்டர்" என்றார்.

அவர் சொன்னது நம்மிற் பலருடைய வீட்டுக்கும் பொருந்தும். கடலை என்றால் பிள்ளையாருக்கும் சரஸ்வதி பூசைக்கும். பயறு என்றால் மோதகத்துக்கும் பொங்கலுக்கும். உழுந்து என்றால் வடைக்கும் தோசைக்கும். நித்திய உணவாய் இருக்கவேண்டியதை விசேட உணவாக்கிவிட்டோம். கோயிலிலும் சங்கத்திலுங் கிடைத்த அந்த ஒரு பிடியையும் பிஸ்கற்றுக்கு மாற்றிய பின்னர் சில பிள்ளைகளுக்கு அது முற்றாகவே இல்லாமற் போய்விட்டது.

முதலிற் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் கடலை என்பதைத் தமிழகத்தார் கொண்டைக்கடலை என்பர். அவர்கள் வேர்க்கடலை என்பதை நாம் கச்சான் என்போம். கடலை வித்தின் ஓரத்தில் கிளிமூக்குப் போல் ஒரு முனை நீண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொண்டை என்றது அதனையே. மேனாட்டுத் தாவரவியலார் அதே வித்தைப் பார்த்து ஆட்டுக்கடாவின் தலை போன்றது என்று எண்ணி, சைசர் அரியெற்றினம் என்று பெயரிட்டார்கள். உரோமாபுரியின் பேர்பெற்ற நாவலர் சிசரோவின் குலப்பெயரும் இக்கடலையின் இலத்தீன் பெயரிலிருந்து வந்ததே. அவருடைய முன்னோர் ஒருவரின் மூக்கு நுனியிற் கடலையிற் காண்பது போன்ற ஒரு பிளவு இருந்ததாம். புளூட்டாக் என்னும் சரித்திர ஆசிரியர் இவ்வாறு எழுதிவைத்தார்.

இச்செடியின் பிறப்பிடம் துருக்கி நாட்டின் தென்கீழ்ப் பகுதி. ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன், கோதுமையும் பார்லியும் பயிராகிய அதே பிரதேசத்தில், அதே காலத்தையொட்டிக் கடலையும் மைசூர்ப் பருப்பும் மனிதன் கைக்கு வந்தன. இதனை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். உழவு தொடங்கிய அந்நாளிலேயே தானியம் தனியே வரவில்லை. பருப்பையுங் கூட்டிக்கொண்டே வந்தது. சீனத்தில் நெல்லோடு சோயா. அமெரிக்கப் பழங்குடிகளிடம் சோளத்தோடு அவரை. நம் நாட்டில் நெல்லோடு பயறும் உழுந்தும். ஒருவரையொருவர் கண்டிராத மக்கள் எல்லாரும் ஏன் இந்த ஒரே சோடியைப் பிடித்தார்கள் என்பதற்கு விடை பின்னால் வரும்.

இனிக் கடலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உலர்ந்த கடலை நூறு கிராமிற் புரதம் 20 கிராம் அளவில் உண்டு. பயறு, கௌபி, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றில் 24 கிராமை அண்டியும், உழுந்தில் 25 கிராம் வரையும், சோயாவில் 36 கிராம் வரையும் உண்டு. அரிசியிலோ 7 கிராமே. இக்கணக்கைப் பார்த்துவிட்டு, கடலை இறைச்சிக்குச் சமம் என்று சிலர் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். அது நேர்மையான கணக்கன்று. உலர்ந்த கடலையை யாரும் உண்பதில்லை. அவித்த கடலை நூறு கிராமில் 60 கிராம் தண்ணீரே. எஞ்சியதில் புரதம் 9 கிராம், மாச்சத்தும் நாருமாக 27 கிராம், கொழுப்பு இரண்டரைக் கிராம் அளவு. நூறு கிராம் மீனில் அதிலும் இரு மடங்குக்கு மேற் புரதம் உண்டு. ஆனால் ஒன்று. அந்த 9 கிராம் ஒன்றரைக் கோழிமுட்டையின் புரதத்துக்கு ஈடு. அதே நிறைச் சோற்றிற் கிடைப்பது 3 கிராமிலுங் குறைவு. நார்ப்பொருளோ கடலையில் ஏழரைக் கிராம், வெள்ளைச் சோற்றில் அரைக் கிராமுமில்லை. பொய்யாகப் புகழ்ந்து கடலைக்கு உயர்வு தேடவேண்டிய அவசியமில்லை. உள்ளதைச் சொன்னாலே போதும்.

மேலே விட்ட வினாவுக்கு வருகிறேன். புரதம் என்பது ஒரே பொருளன்று. இருபது வகை அமினோவமிலங்கள் கோக்கப்பட்ட சரம். அவற்றுள் ஒன்பதை நம் உடலால் ஆக்க முடியாது, உணவிலேதான் பெறவேண்டும். நமது மலரை ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட அக்காலத்தை இங்குள்ள பெரியோர்கள் அறிவர். பெட்டியில் மற்றை எழுத்துக்கள் எல்லாங் குவிந்து கிடந்தாலும் 'க' என்னும் எழுத்து முடிந்துவிட்டால் அச்சுக்கோப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அரிசியில் முடிந்துபோகும் எழுத்து இலைசீன். பருப்பு வகையில் முடிந்துபோகும் எழுத்து மெதியோனீன். அரிசியிற் குறைவதோ பருப்பில் மிகுதி. பருப்பிற் குறைவது அரிசியில் உண்டு. ஆகவே சோறும் பருப்பும் சேர்ந்தவிடத்து இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்கின்றன. தோசைக்கு அரிசியோடு உழுந்தையும், புக்கைக்கு அரிசியோடு பயற்றையும் சேர்த்த எம் பாட்டிமாருக்கு இலைசீன் என்ற சொல் தெரியாது. பிள்ளை தேறுகிறதா இல்லையா என்பது தெரியும்.

1971 ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிரான்சிஸ் மூர் லப்பே என்னும் பெண்மணி எழுதிய நூலொன்றினாலே இவ்வுண்மை உலகெங்கும் பரவிற்று. ஆனால் இரண்டையும் ஒரே வேளையிற் சேர்த்தே உண்ணவேண்டும் என்று அந்நூலைப் படித்தோர் அஞ்சத் தொடங்கினர். பத்து ஆண்டுகளின் பின் வந்த பதிப்பில் அவரே அதனைத் திருத்தினார். காலையிற் கடலையும் இரவிற் சோறுமாக ஒரே நாளுக்குள் வந்தாற் போதும். தம் பிழையைத் தாமே அச்சிற் திருத்திய ஒருவரை நான் மதிக்கிறேன், அது எளிதன்று. நம் நாட்டிலும் 1973 இல் தொடங்கிய திரிபோஷா இதே சோடியைப் பின்பற்றியது. கிளினிக்கிலே கர்ப்பிணித் தாய்மாருக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டுவந்த அம்மாவிற் சோளமும் சோயாவுமே முக்கியம்.

இங்கே ஒரு கதை. நான் கற்றது ஒரு மிஷன் பாடசாலை. சைவப் பிள்ளைகளாகிய நாங்களும் வேதாகம வகுப்பில் இருந்து கேட்போம். ஏசா என்பவன் பசி தாங்காமல், ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்காகத் தன் மூத்தமகன் உரிமையைத் தம்பிக்கு விற்றுவிட்டான் என்று படித்தபோது, அந்தக் கூழ் அவ்வளவு ருசியோ என்றுதான் எனக்குத் தோன்றியது. மற்றொரு கதை தானியேலுடையது. பாபிலோன் அரசனுடைய இராசபோசனத்தை மறுத்து, தமக்கும் தம் தோழர் மூவருக்கும் பத்து நாளைக்குப் பருப்பும் மரக்கறியும் தண்ணீருமே தந்து, பின்னர் அரசனின் உணவை உண்ட வாலிபரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி அவர் கேட்டார். ஒரு கூட்டத்தாரை மற்றொரு கூட்டத்தாரோடு ஒப்பிடும் பரிசோதனைக்குப் பழைய உதாரணம் என்று விஞ்ஞான ஆசிரியர்களும் இதனைச் சுட்டுவதுண்டு. பத்து நாளில் முகம் தெளியுமோ என்பது வேறு விடயம்; சோதித்துப் பாருங்கள் என்று சொன்ன அந்த மனத்தையே நான் எடுத்துக்கொண்டேன்.

தங்கையின் நோய்க்குத் திரும்புவோம். இரத்தம் ஊறுவதற்கு இரும்பு மாத்திரம் போதாது. போலேற்று என்னும் ஒரு விற்றமினும் வேண்டும். இதனைக் கண்டறிந்த வரலாற்றில் நம் அயல்நாட்டுக்கும் பங்குண்டு. இலண்டனைச் சேர்ந்த டொக்டர் லூசி வில்ஸ் 1928 இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலைசெய்த ஏழைக் கர்ப்பிணிகள் இரத்தக்குறைவால் இறந்துகொண்டிருந்தார்கள். குன்னூரிலுஞ் சிலகாலம் இருந்து அவர் இந்நோயை ஆராய்ந்தார். அப்பெண்களின் உணவிலே ஏதோ ஒன்று குறைகிறது என்று கண்டு, பற்பல பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஈற்றிற் பலித்தது எது தெரியுமா? நம் வீடுகளிற் பாணிற் பூசியும் சுடுதண்ணீரிற் கரைத்தும் கொடுக்கிறோமே, அந்த மாமைற். 1931 இல் அவர் இதனை வெளியிட்டார். அதிலிருந்த பொருளை 1941 இற் பசளிக்கீரையிலிருந்து பிரித்தெடுத்துப் போலிக்கமிலம் என்று பெயரிட்டார்கள். கர்ப்பந் தரிக்குமுன்பே இதனை உட்கொண்டால் குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாடுகளிற் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பது 1991 இல் நிரூபணமாயிற்று.

இப்போலேற்று பருப்பு வகைகளில் நிறைய உண்டு. அவித்த கடலை நூறு கிராமில் ஒருவருக்கு நாளாந்தம் வேண்டியதில் ஐந்தில் இரண்டு பங்கு கிடைக்கும். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கிற் கொடுக்கும் குளிசைக்கு இது பதிலாகாது. அதனை விடாமல் எடுக்கவேண்டும்.

இரும்பைப் பற்றிச் சொல்லும்போது சற்று நிதானம் தேவை. அவித்த கடலை நூறு கிராமில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் இரும்பு உண்டு. தங்கை வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் வரை வேண்டும் என்பர். ஆனால் தாவர உணவில் உள்ள இரும்பிற் சிறுபங்கையே குடல் ஏற்கிறது. வித்துக்குள் இருக்கும் பைற்றேற்று என்னும் பொருள் இரும்பைப் பற்றி வைத்துக்கொள்கிறது. இதற்கு மேல் நாம் செய்யும் வினையும் ஒன்றுண்டு. உணவோடு தேநீர் குடிக்கிறோம். தேயிலைத் துவர்ப்பு, தாவர இரும்பு ஏறுவதைப் பாதிக்கு மேற் குறைக்க வல்லது. எங்கள் வீட்டில் என் தங்கைக்கு நடந்ததும் இதுதான்: உண்ட கொஞ்சத்தையும் தேநீர் தடுத்தது. மாறாக, விற்றமின் சீ உடன் சேர்ந்தால் இரும்பு இரண்டு மூன்று மடங்கு ஏறும். கடலைச் சுண்டலை இறக்கிய பின் அரைத் தேசிக்காய் பிழிந்துவிடுவது ருசிக்கு மாத்திரமன்று. கொய்யாப்பழமும் அப்படியே. தேநீர் வேண்டுமானால் ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கலாம். தேயிலை நாட்டிலே இருந்துகொண்டு தேநீரை விடச் சொல்ல நான் துணியமாட்டேன், நானே விடமாட்டேன்.

முளைகட்டுதல் என்னும் முறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. உலர்ந்த வித்தில் விற்றமின் சீ இல்லையென்றே சொல்லலாம். முளைவிடத் தொடங்கியதும் அது உண்டாகிறது, பைற்றேற்றும் குறைகிறது. முதலாம் உலகப்போரிலே, 1915 டிசம்பர் தொடக்கம் 1916 ஏப்பிரல் வரை, மெசொப்பொத்தேமியாவிற் கூற் என்னும் நகரில் பிரித்தானியப் படையொன்று முற்றுகைக்குள் அகப்பட்டது. அங்கே ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. வெள்ளை மா உரொட்டியை உண்ட ஆங்கிலேயச் சிப்பாய்களுக்குப் பெரிபெரி நோய் கண்டது. ஆட்டாவும் பருப்பும் உண்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அது வரவில்லை. பருப்பிலும் தீட்டாத மாவிலும் உள்ள விற்றமின் பீ அவர்களைக் காத்தது. ஆனால் ஆங்கிலேயர் குதிரையிறைச்சியை உண்டு தப்பிய ஸ்கேவி நோய், அவ்விறைச்சியைத் தொடாத இந்தியரைப் பிடித்துக்கொண்டது. புதிய காயோ கனியோ அங்கு இல்லை. கையிலிருந்த பருப்பைத் தோலோடு ஊறவைத்து முளைகட்டியிருந்தால் அதனைப் பெருமளவுக்குத் தடுத்திருக்கலாம். 1917 இல் இலண்டனில் ஹரியெற் சிக் என்னும் பெண் விஞ்ஞானியும் அவர் தோழியும் உலர்ந்த பருப்பையும் முளைத்த பருப்பையும் ஒப்பிட்டு இதனை உறுதிப்படுத்தினர். 1918 இல் வில்ற்சயர் என்னும் வைத்தியர், ஸ்கேவி கண்ட சேர்பியப் போர்வீரருள் ஒரு பகுதியினருக்கு எலுமிச்சைச் சாறும் மறு பகுதியினருக்கு முளைகட்டிய அவரையும் கொடுத்தார். முளை உண்டோர் எலுமிச்சை உண்டோருக்குச் சற்றும் குறையாமற் குணமடைந்தனர். இவ்வளவுக்கும் வேண்டியது தண்ணீரும் ஒரு துணியும் இரண்டு நாட் பொறுமையுமே. முளையை நெடுநேரம் அவித்தால் அவ்விற்றமின் அழிந்துவிடும், ஒருகொதி போதும்.

முன்வரிசையில் இருக்கும் பெரியோர்களுக்கு இனி ஒரு வார்த்தை. நம்மிடையே நீரிழிவில்லாத வீடு அரிதாகிவருகிறது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வடக்கும் கிழக்கும் நீங்கலான ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வில், இருபது வயதுக்கு மேற்பட்டோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 1981 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து டேவிட் ஜென்கின்ஸ் என்பார், ஒவ்வோர் உணவும் இரத்தச் சீனியை எவ்வளவு விரைவாக உயர்த்துகிறது என்று அளந்து அதற்கு ஓர் எண் கொடுத்தார். குளுக்கோசுக்கு 100 என்றால், வெள்ளைச் சோற்றுக்கு 70 இற்கு மேல். கடலைக்கு 30 ஐ அண்டி. கடலையின் மாச்சத்து தடித்த கலச்சுவருக்குள் அடைபட்டு, நாரோடு பின்னிக் கிடப்பதால் மெல்ல மெல்லவே கரைகிறது. எனவே சோற்றை உண்டபின் மேலதிகமாகக் கடலையையும் உண்பதிற் பெரிதும் பயனில்லை. இரண்டு அகப்பைச் சோற்றை ஓர் அகப்பையாக்கி, குறைத்த இடத்திற் கடலையையோ பயற்றையோ வைப்பதே முறை. கொலஸ்தரோல் விடயத்திலும் நற்செய்தி உண்டு. 2014 இற் கனடிய ஆய்வாளர் 26 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், நாள்தோறும் 130 கிராம் அளவு அவித்த பருப்பு வகை உண்டோருக்குத் தீய கொலஸ்தரோல் ஏறத்தாழ 5 வீதம் குறைந்திருந்தது. ஐந்து வீதம் அற்புதமன்று. மருந்தை நிறுத்திவிட்டுக் கடலையை நம்பலாமென்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டாம்.

"அதெல்லாஞ் சரி தம்பி, வாய்வுக்கு என்ன செய்வது?" என்று ஒரு பெரியவர் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. கடலையில் இரஃபினோசு முதலான சில வெல்லங்கள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதியம் மனிதர் எவருக்குமே இல்லை. உடையாமற் பெருங்குடல் போய்ச் சேர, அங்குள்ள பற்றீரியாக்கள் அவற்றை உண்டு வாயுவை விடுகின்றன. எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஊறப்போட்டு அத்தண்ணீரை ஊற்றிவிட்டால் இவ்வெல்லங்களில் ஒரு பகுதி போய்விடும். மெத்தென அவிக்கவேண்டும். உள்ளி, இஞ்சி, பெருங்காயம் சேர்ப்பது நம் வழக்கம். நானும் அவ்வழக்கத்தை விடச் சொல்லேன். எல்லாவற்றிலும் முக்கியம், சிறிது சிறிதாகப் பழகுவது. வருடத்தில் இரண்டு நாள் வயிறு முட்ட உண்பவருக்கே வாய்வு மிகுதி. நாளாந்தம் ஒரு பிடி உண்பவரின் குடல் சில வாரத்திற் பழகிக்கொள்ளும். ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள். ஆனால் அவித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். போலேற்றில் ஒரு பங்கு அதற்குள் இருக்கிறது. இரசத்துக்கோ சொதிக்கோ அது ஆகும்.

பருப்பினால் மூட்டுவாதம் வரும் என்ற அச்சமும் உண்டு. இறைச்சியும் மீனும் மிகுதியாக உண்போருக்கே அவ்வாபத்து என்றும், பருப்பு வகைகளுக்கும் அந்நோய்க்கும் தொடர்பு காணவில்லை என்றும் 2004 இல் அமெரிக்காவிற் பன்னீராண்டு நடந்த ஆய்வொன்று காட்டிற்று. ஆனால் சிறுநீரக நோயாளர் நிலை வேறு. வவுனியாவிலும் வடமத்திய மாகாணத்திலும் அந்நோய் எத்தனை குடும்பத்தைச் சாய்த்தது என்பதை அறிவீர்கள். அவர்கள் தம் வைத்தியர் சொன்ன அளவையே கொள்ளவேண்டும். முழுச் சைவ உணவினருக்கு மற்றொன்று சொல்லவேண்டும்: விற்றமின் பீ 12 எந்தப் பருப்பிலும் இல்லை. பால், தயிர், முட்டை ஒன்றும் தொடாதவர்கள் அதற்குக் குளிசையையோ செறிவூட்டிய உணவையோ நாடவேண்டும். சைவ உணவில் எல்லாம் நிறைந்திருக்கிறது என்று மேடையிற் பேசுவது இனிமையாயிருக்கும். ஆனால் நரம்புகள் அப்பேச்சைக் கேட்பதில்லை.

என் பாடமாகிய செடிக்கு வந்துவிட்டேன். ஒரு பயற்றஞ் செடியை மண்ணோடு பெயர்த்து வேரைக் கழுவிப் பாருங்கள். சிறு சிறு முடிச்சுக்கள் தெரியும். அவை நோயல்ல. பற்றீரியாக்கள் அம்முடிச்சுக்களுக்குட் குடியிருந்து, காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. செடி அவற்றுக்கு வெல்லம் கொடுக்கிறது. ஜேர்மனியில் ஹெல்றீகலும் வில்பாத்தும் இதனை 1886 இல் அறிவித்தார்கள். பருப்பு வித்திற் புரதம் மிகுந்திருப்பதற்குக் காரணமும், பயறு விதைத்த நிலம் அடுத்த போகத்துக்குச் செழிப்பதற்குக் காரணமும் இதுவே. ஒரு முடிச்சை நகத்தாற் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும். அந்தச் சிவப்பு என்ன தெரியுமா? அதுவும் ஓர் ஈமோகுளோபின். நம் இரத்தத்தில் உள்ளதற்கு இனமானது. அதன் நடுவிலும் இரும்பே இருக்கிறது. 1939 இற் கூபோ என்னும் ஜப்பானிய அறிஞர் இதனைக் கண்டார். ஆய்வுகூடத்தில் முதன்முதல் அதனைக் கீறிப் பார்த்த அன்று என் தங்கையின் இரத்தப் பரிசோதனைத் துண்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதற்குமேல் அதைப்பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாம் உண்ணும் கடலையும் மைசூர்ப் பருப்பும் கப்பலில் வருபவை. மைசூர் என்பது பெயரளவிலேதான். அது பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்தது. 2022 இல் டொலர் இல்லாமற் போனபோது என்ன நடந்தது என்பதை மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வருடம் செப்ரெம்பரில் உணவு விலையேற்றம், முன்னைய வருடத்தோடு ஒப்பிட, 90 வீதத்தையும் தாண்டிற்று. எங்கள் வீட்டுப் பருப்பு தண்ணீரானது அக்காலத்திலேதான். விலை ஓரளவு இறங்கிய பின்னும் அப்பழக்கம் போகவில்லை. ஆனால் பயறும் உழுந்தும் கௌபியும் நம் மண்ணில் விளைபவை. வவுனியா உழுந்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மாரி மழையோடு விதைத்தால் இரண்டு மூன்று மாதத்திற் கைக்கு வருபவை அவை. யூரியாப் பசளையையும் அதிகம் வேண்டாதவை. கடலைதான் வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கில்லை. ஒரு வெள்ளி கடலை, மறு வெள்ளி கௌபி, பிறகு பயறு என்று மாற்றி அவித்தால் சத்தும் மாறிமாறி வரும், செலவும் குறையும்.

பருவமடைந்த பெண்ணுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து உடம்பைத் தேற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அருமையான வழக்கம். ஆனால் அந்தக் களி சில நாளோடு நின்றுவிடுகிறது; மாதந்தோறும் இரத்தம் இழப்பதோ அதன் பின் பல பத்து வருடம். இதைத் தாய்மார் சிந்திக்கவேண்டும் என்று, மகனாக நின்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என் தங்கை இப்போது நலமாக இருக்கிறாள். குளிசையாலா, கடலையாலா என்று கேட்டால், குளிசையாலே முதலிலும் கடலையாலே பின்னும் என்று சொல்வேன். அவள் ஆறு மாதமாகக் காலையிற் பாணுக்குப் பதிலாகப் பெரும்பாலும் அவித்த பயறோ கடலையோ தேங்காய்ப்பூவோடு உண்கிறாள். ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தாள். இப்போது என் பங்கையும் எடுத்துக்கொள்கிறாள்.

என் வேண்டுகோளைச் சொல்லி அமர்கிறேன். வருகிற வெள்ளிக்குப் பிஸ்கற் எடுக்கவேண்டாம் என்று நிர்வாக சபையைக் கேட்கிறேன். கூட்டத்துக்கு அறுபது பேர் அளவில் வருகிறார்கள். ஆளுக்கு நூறு கிராம் அவித்த கடலை என்றால் உலர்ந்த கடலை மூன்று கிலோ தாராளமாகப் போதும். அதைத் தவிர ஒரு தேங்காய், செத்தல் மிளகாய், கடுகு, கறிவேப்பிலை, ஒரு முழு உள்ளி, பத்துத் தேசிக்காய். இரத்த அழுத்தக்காரரை நினைத்து உப்பைக் கொஞ்சமாகப் போடுவோம். வியாழன் இரவு எட்டு மணிக்கு ஊறப்போட நான் வருகிறேன். விடிய நான்கு மணிக்குத் தண்ணீர் மாற்றிப் பிற்பகல் அவிக்க இரண்டு பேர் வேண்டும். பின்வரிசையிற் சிரித்தவர்களின் முகங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். பொருளாளர் ஐயா வீட்டில் ஒரு பெரிய கிடாரம் இருப்பதாக அறிகிறேன். அதை வியாழன் பின்னேரமே தந்தருளினால் பேருதவியாயிருக்கும்.